கொன்ஸ்ரன்ஸ் வீட்டு வெள்ளெருக்கலை

கொட்டாஞ்சேனையில் அந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குள் பின்வளவில் எருக்கலை வளர்த்த வீடு ஒன்றே ஒன்றுதான். மற்ற வீடுகளில் குரோட்டன் நின்றது, அந்தூரியம் நின்றது. எருக்கலை ஆளில்லாத வளவில் தானாக முளைக்கிற சாமான். ஆள் இருக்கிற வீட்டில் அதை வைத்து வளர்ப்பது பாழ்படுவதற்கு நாள் குறிப்பது போல என்று ஒழுங்கையில் இருந்த சைவக்காரர் சொன்னார்கள். வேதக்காரரும் அப்படித்தான் நினைத்தார்கள், சொல்லவில்லை. கொன்ஸ்ரன்சிடம் ஒன்றைச் சொல்வதற்கு முன் எவரும் கொஞ்சம் யோசிப்பார்கள். இதை இந்த ஆள் ஏன் என்னிடம் வந்து சொல்கிறது என்று அவள் கேட்பாள். வாயால் கேட்காவிட்டால் கண்ணால் கேட்பாள்.

கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் முப்பத்தொரு வருடம் ரைப்பிஸ்டாக இருந்தவள். மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை அடிப்பதுதான் வேலை. எழுதிக் கொடுக்கிறவன் பிழைவிடுவான் என்பது அந்த வேலையின் முதல் பாடம். பிழையைத் தெரிந்துகொண்டே விடுகிறவர்களும் உண்டு என்பது இரண்டாம் பாடம். இரண்டையும் அவள் நன்றாகப் படித்தாள். மூன்றாம் பாடம் ஒன்று இருந்திருந்தால் அது அவளுக்குக் கிடைக்கவில்லை. கலியாணம் செய்யவில்லை. பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர், வந்து அரை மணித்தியாலத்துக்குள் வீட்டு உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் கேட்காமலே அதை நினைத்தார்கள் என்பது அவள் முடிவு.

சந்தேகம் அறிவின் தொடக்கம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். கொன்ஸ்ரன்சிடம் பெரும்பாலும் அது அறிவின் முடிவாகவும் இருந்தது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அது தொடக்கமாயிற்று.

எண்பத்தாறாம் ஆண்டு, வெள்ளவத்தையில் இருந்த தங்கை செலீன் வீட்டுக்குப் போய்விட்டு ரயில் பாதை ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். கடற்கரை மணலில், தண்டவாளத்துக்கும் பாறைக்கும் இடையில், சாம்பல் பூத்த தடித்த இலைகளோடு ஒரு பற்றை நின்றது. செம்மஞ்சள் வண்ணாத்திப்பூச்சி ஒன்று அதைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. இலையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு கணம் இருந்து, வாலை வளைத்து எதையோ தொட்டுவிட்டு, அடுத்த இலைக்குப் போயிற்று. பூவில் இருந்தால் தேன் குடிக்கிறது எனலாம். இலைக்கு அடியில் என்ன வேலை? எதை ஒளித்துவிட்டுப் போகிறது? அவள் குடையை மடக்கி இலையைத் திருப்பிப் பார்த்தாள். குண்டூசித் தலையளவு வெள்ளை முட்டை ஒன்று ஒட்டியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது என்னவாயிற்று என்று பார்ப்பதற்காகவே செலீன் வீட்டுக்குப் போனாள். வராதவள் கிழமைக்குக் கிழமை வருகிறாளே என்று செலீன் சந்தோஷப்பட்டுப் பலகாரம் சுட்டு வைத்தாள்.

அந்தப் பற்றையிலிருந்துதான் ஒரு தடியை ஒடித்துக்கொண்டு வந்தாள். முதல் தடி அழுகிப்போயிற்று. பால் வடிய வடிய மண்ணில் குத்தி, நாள் தவறாமல் தண்ணீரும் விட்டிருந்தாள். இரண்டாவதை இரண்டு நாள் நிழலில் கிடத்தி, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு, கடல் மணலும் செங்கல் தூளும் கலந்த குழியில் நட்டாள். ஒரு முறை தண்ணீர் விட்டுவிட்டுக் கைகழுவினாள். அது பிடித்துக்கொண்டது. இரண்டு வருடத்தில் மதிலுக்கு மேலே போய்ப் பூத்தபோதுதான் அது வெள்ளை என்று தெரிந்தது. வழியில் நிற்கிற எருக்கலையின் ஊதா நிறம் துளியும் இல்லை. மெழுகில் வார்த்தது போன்ற வெள்ளை. வெள்ளை எருக்கலை அபூர்வம் என்பதோ, அதற்குச் சைவக்காரரிடம் வேறு கணக்குகள் உண்டு என்பதோ அவளுக்குத் தெரியாது. சொல்லக்கூடியவர்கள் அவளிடம் பேசுவதைக் குறைத்திருந்தார்கள்.

அதன் பிறகு வளவு தனியாக இருக்கவில்லை. கட்டைவிரல் தடிப்பில் கறுத்த வண்டுகள் உறுமிக்கொண்டு பூவுக்கு வந்தன. காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் காலத்தில் தேன்சிட்டு வந்து, கூட்டுக்கு மெத்தை போட அதைக் கவ்விக்கொண்டு போயிற்று. குருத்தில் மஞ்சள் பேன் அடைந்தபோது அவள் மருந்து அடிக்கவில்லை. பொறுத்துப் பார்த்தாள், நாலாம் நாள் பொறிவண்டுகள் வந்து தின்று முடித்தன. மழை முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் முற்றின கிளைகளில் ஒன்றை இடுப்பளவில் தறிப்பாள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தறிக்கமாட்டாள், ஒன்றை மட்டும். வெட்டின இடத்தில் புழுக்களுக்குப் பிஞ்சிலை துளிர்க்கும். வெட்டும்போது பழைய கண்ணாடியைப் போட்டுக்கொள்வாள். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

புழுக்களை அவள் தினமும் எண்ணினாள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு, முதுகில் மூன்று சோடிக் கொம்புகளோடு அவை பட்டப்பகலில் இலைமேல் கிடந்தன. அவை தின்கிற பால் நஞ்சு; அதைத் தின்று அவையும் நஞ்சு. அதனால்தான் ஒளிக்காமல் வரிபோட்டுக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன என்று ஒரு புத்தகத்தில் வாசித்தபோது அவளுக்குத் திருப்தியாக இருந்தது. நஞ்சு என்று சொல்லிக்கொண்டே நஞ்சாக இருக்கிற உயிர்கள். மனிதரில் அப்படி ஒருவரை அவள் கண்டதில்லை.

தொண்ணூற்றேழில் முன்னறைக்குப் பாலேஸ்வரி வந்தாள். அதற்கு முன் அந்த அறையில் இருந்த மூன்று பேரும் ஒரு வருடம் தாண்டவில்லை. சீனிப் போத்தலில் நகப்பூச்சால் மட்டம் குறித்திருப்பதைக் கண்ட நாளே ஒருவர் வேறு இடம் தேடினார். பாலேஸ்வரி அதைக் கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. இதையே கொன்ஸ்ரன்ஸ் குறித்து வைத்துக்கொண்டாள். கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படாத ஆளுக்கு மறைக்க ஏதோ இருக்கிறது.

பாலேஸ்வரி யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவள், முப்பத்தைந்து வயது இருக்கும். புருசன் தியாகராசா தபாற்கந்தோர் கிளாக். கண் வைத்தியத்துக்குக் கொழும்புக்கு வந்து லொட்ஜில் நின்றபோது, சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் பதினாலு மாதம் விளக்கமறியலில். வழக்கு புதுக்கடை நீதிமன்றத்தில். கொட்டாஞ்சேனையில் அறை எடுத்தது அங்கே நடந்து போகலாம் என்பதற்காக. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தவணை வரும். அன்று அவரைக் கொண்டுவருவார்கள், தூரத்தில் நின்று பார்க்கலாம். போன தவணைக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவளுடைய பொலிஸ் பதிவு முதல்நாளே முடிந்திருந்தது. வழியில் செக்பொயின்றில் மறித்துப் பின்னேரம் வரை இருத்திவிட்டார்கள். தியாகராசா கூண்டில் நின்று கூட்டத்துக்குள் தேடித் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம்.

வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்கும் தமிழர் அந்தப் பதிவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். இந்த ஆளை நேரில் அறிவேன், இவர் நடத்தைக்கு நான் பொறுப்பு என்று அதில் அடித்திருக்கும். முதல்முறை கொன்ஸ்ரன்ஸ் அந்த வரியை நாலுதரம் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். அடுத்த முறை ஒரு திங்கட்கிழமை வந்தது. வழக்கின் தவணை அதே கிழமை வியாழன்.

அந்தத் திங்களுக்கு முந்திய சனிக்கிழமை காலை, புழு எண்ணப் போன கொன்ஸ்ரன்ஸ் எருக்கலையின் அடித்தண்டில் ஒரு மஞ்சள் நூலைக் கண்டாள். மூன்று சுற்றுச் சுற்றி முடிந்திருந்தது. நேற்று அது இல்லை. தொட்டாள், விரலில் மஞ்சள் ஒட்டியது. அவிழ்க்க நினைத்தாள், அவிழ்க்கவில்லை. அடையாளம் வைத்தவனுக்கு அடையாளம் கண்டுபிடிபட்டது தெரியக்கூடாது. வளவுக்குள் வர இரண்டு வழி: குசினிக் கதவு, இல்லாவிட்டால் மதில். மதிலில் கண்ணாடித் துண்டு பதித்திருந்தது.

ஞாயிறு ஆறு மணிப் பூசைக்குப் போய்விட்டு வந்து நேரே பின்வளவுக்குப் போனாள். எருக்கலைக்கு வடக்குப் பக்கத்தில் மண் கிண்டி, திரும்பப் போட்டு, கையால் தட்டி மட்டமாக்கி இருந்தது. அவள் வருடக்கணக்காகத் தண்ணீர் காட்டாத மண், அந்த இடத்தில் மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. பைப்படியில் கழுவி வைத்த சிரட்டை ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

அவள் கால் எடுத்து வைக்கவில்லை, வைத்த காலை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தாள். அந்த வருடங்களில் கொழும்பில் கிண்டிய மண்ணைக் கண்டு தமிழர் ஒருவருக்குக் குண்டைத் தவிர வேறு நினைப்பு வந்திருக்காது. வைத்தவன் வைத்துவிட்டுப் போய்விடுவான், வளவுக்காரரைத்தான் கொண்டுபோவார்கள். பொலிஸுக்குச் சொன்னால் முதற்கேள்வி உன் வளவில் எப்படி வந்தது என்பதாக இருக்கும். சொல்லாவிட்டால், ஏன் சொல்லவில்லை என்பது. அவள் குசினிப் படியில் உட்கார்ந்து இரண்டு கேள்விகளுக்கும் மறுமொழி தேடினாள்.

பாலேஸ்வரி குசினிக்குள் வந்தபோது வலது கையில் துணி சுற்றியிருந்தாள். என்ன என்று கேட்டதற்கு, சுட்டுப்போட்டுது அன்ரி என்றாள். அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள் கொன்ஸ்ரன்ஸ். அது முதல்நாள் இரவிலிருந்து பற்றவைக்கப்படாத அடுப்பு. துணி விலகிய இடத்தில் தோல் சிவந்து பொங்கியிருந்தது. சூட்டுக் கொப்புளமும் பால் பட்ட புண்ணும் எப்படி இருக்கும் என்பது பதினோரு வருடம் எருக்கலை வெட்டியவளுக்குத் தெரியாதா?

துறைமுகத்தில் வேலை செய்த ஒன்றுவிட்ட தம்பி வலன்ரைனுக்கு ஆள் அனுப்பினாள். உலகத்தில் அவள் அரைவாசியாவது நம்பிய ஆள் அவன்தான். அவனுக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் காது சிவக்கும். அவன் வந்து இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைப் பார்த்தான்.

"அக்கா, நான் ஹாபர்ல பெட்டி தூக்கிறவன். பெட்டிக்குள்ள இருக்கிறது வெடிச்சா எனக்குப் பென்ஷன் வரும். இங்க வெடிச்சா உங்கட எருக்கலைப் பூவைத்தான் எனக்கு மாலையாப் போடோணும்."

"கதைக்காம கிண்டு."

"நீங்க உள்ள போங்க."

"நான் போயிட்டா நீ என்ன எடுத்தாய் எண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

வலன்ரைன் சிரித்துக்கொண்டே மண்டியிட்டான். விளக்குமாற்றுப் பிடியால் தட்டித் தட்டி, பிறகு விரலால் அரித்து அரித்து, ஒரு முழ ஆழம் போனான். மண் வந்தது, செங்கல் துண்டு வந்தது. பெருவிரல் தடித்த வேர் ஒன்று வந்தது. ஒரு சாண் நீளம் போய், பிய்த்து எடுத்த நுனியில் பால் காய்ந்து நின்றது. அதற்கு அப்பால் வேர் இல்லை. வேறு ஒன்றுமில்லை.

"ஒண்டுமில்லை அக்கா."

"அதுதான் யோசனையா இருக்கு" என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

இருந்ததை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். எடுக்கும்போது வேர் அறுந்திருக்கிறது. அப்படியானால் அது எத்தனை நாள் அங்கே கிடந்தது, இப்போது எங்கே இருக்கிறது? ஒன்றும் இல்லாத குழி அவளுக்கு ஒன்று இருந்த குழியைவிடப் பெரிதாயிற்று. நான் இதை எழுதுகையில் அவளைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. சந்தேகத்தின் தருக்கம் அப்படித்தான். சான்று கிடைத்தாலும் அது வளரும், கிடைக்காவிட்டால் இன்னும் வேகமாக வளரும். அதைக் கண்டு சிரிக்கிறவன் அந்த வருடங்களில் கொழும்பில் ஒரு நாளாவது அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வெளியே போனவனாக இருக்கமாட்டான்.

திங்கட்கிழமை காலை பாலேஸ்வரி பதிவுக் கடதாசியை நிரப்பி, மேசையில் வைத்து, பேனையையும் பக்கத்தில் வைத்தாள். கொன்ஸ்ரன்ஸ் பேனையைத் தொடவில்லை.

"எருக்கலைக்குக் கீழ கிண்டினது நீரோ?"

பாலேஸ்வரி வாயைத் திறந்தாள், மூடினாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுவும் சொல்லவில்லை.

"என்ன எடுத்தனீர்? இல்லாட்டி என்ன வைச்சனீர்?"

"அன்ரி, வியாழக்கிழமை கழிய எல்லாம் சொல்லுறன். அதுக்கு முந்திக் கேக்காதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

"வியாழக்கிழமை என்ன நடக்கப் போகுது?"

"வழக்கு, அன்ரி."

"வழக்கு வேற. நான் கேட்டது வேற."

வியாழக்கிழமை கழியட்டும் என்கிற ஒருத்திக்கு, நடத்தைக்குப் பொறுப்பு என்று எந்தப் புத்தியுள்ளவள் கையெழுத்து வைப்பாள்? கொன்ஸ்ரன்ஸ் கடதாசியை மேசையிலேயே விட்டுவிட்டு எழும்பிப் போனாள். நாளைக்குப் பார்ப்பம் என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கையெழுத்து இல்லாவிட்டால் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் வியாழக்கிழமை புதுக்கடை வரை போய்ச்சேர முடியாது. தியாகராசா இன்னொருமுறை கூட்டத்துக்குள் தேடிவிட்டுத் திரும்பிப் போவார்.

செவ்வாயும் புதனும் வீட்டுக்குள் இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பாலேஸ்வரி கடதாசியைத் திரும்பவும் நீட்டவில்லை. ஒரு நேரம்தான் சாப்பிட்டாள், அதுவும் மரக்கறி. அறைக்குள் சாம்பிராணி மணத்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் கொன்ஸ்ரன்ஸ் அறைக்கதவைத் தள்ளிப் பார்த்தாள், பூட்டியிருந்தது. எந்த நாளும் பூட்டாத கதவு. எருக்கலையின் வடக்குப் பக்கத்துக் கிளை ஒன்று வாடித் தொங்கியது. அதில் கிடந்த பதினோரு புழுக்களையும் கொன்ஸ்ரன்ஸ் ஒவ்வொன்றாகக் குச்சியால் எடுத்து நல்ல கிளைக்கு மாற்றினாள். அந்த வேலை முடியும்வரை அவளுக்குக் கோபம் தெளிவாக இருந்தது. முடிந்ததும் குழம்பியது.

வியாழன் காலை பாலேஸ்வரி ஏழு மணிக்கே வெளிக்கிட்டாள். கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள். பின்னால் நூறு யார் தூரம் விட்டு கொன்ஸ்ரன்ஸ் போனாள். நல்லெண்ணத்தில் போனாள் என்று சொல்ல மாட்டேன். என்ன நடக்கிறது என்று தன் கண்ணால் பார்க்கப் போனாள், செலீன் வீட்டுக்குக் கிழமைக்குக் கிழமை போனது போல. பாலேஸ்வரி பெரிய தெருவை விட்டு, செக்பொயின்ற் இல்லாத ஒழுங்கைகளால் சுற்றிச் சுற்றிப் போனாள். ஒரு ஆள் சோதனைச் சாவடிகளைத் தவிர்த்து நடப்பது பின்னால் இருந்து பார்க்க எப்படி இருக்கும்? கொன்ஸ்ரன்சுக்கு இரண்டுதரம் திரும்பிப் போய்விடலாமா என்று வந்தது. அந்த நடைக்குத் தன் கையெழுத்துப் போடாத பேனையும் ஒரு காரணம் என்பது புதுக்கடை வாசலுக்குக் கிட்ட வந்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மறியற்காரரை இறக்கும் இடத்தில் கம்பி வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் உறவுக்காரர்கள் நெருங்கி நின்றார்கள். வாகனம் வந்து நின்றது. பாலேஸ்வரி முன்னுக்குப் போய்க் கைப்பையைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தாள். ஒரு காவலாளி அதைக் கண்டுவிட்டான். ஒரே எட்டில் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மே மொகத்த?" இது என்ன என்று கேட்டான்.

பாலேஸ்வரி பேசவில்லை. அவளுக்குச் சிங்களம் கொஞ்சம் தெரியும். கேள்வி விளங்காமல் இல்லை. இன்னொருதரம், உரத்துக் கேட்டான். பக்கத்தில் நின்ற சனம் மெல்ல விலகி இடம் விட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வாகனத்தையே பார்த்தாள். அங்கே கடைசி ஆளாகத் தியாகராசா இறங்கிக்கொண்டிருந்தார். காவலாளி துணியைப் பிரித்தான். உள்ளே காய்ந்த வேர்த்துண்டு ஒன்று. விரல் நீளம், சாம்பல் தோல், நடுவில் மஞ்சள் நூல் மூன்று சுற்று.

பத்தடிக்கு அப்பால் நின்ற கொன்ஸ்ரன்ஸ் அதைக் கண்டாள். வலன்ரைன் அரித்தெடுத்த குழியில் இல்லாமற்போன மிச்சத் துண்டு அது. என்ன எடுத்தாள் என்பது தெரிந்துவிட்டது. எதற்கு என்பது முழுதாகத் தெரியவில்லை. அவள் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வரா முல் மாத்தயா. சுது வரா. மகே வத்தென்." எருக்கலை வேர், வெள்ளை எருக்கலை, என் வளவில் உள்ளது என்றாள். முப்பத்தொரு வருடக் கோட்டைச் சிங்களம் தடங்கலில்லாமல் வந்தது.

நோனா யார் என்று கேட்டான் காவலாளி. இவள் இருக்கிற வீட்டுக்காரி என்றாள். இதை இவளுக்கு யார் கொடுத்தது என்று கேட்டான்.

பொய்யைக் கண்டுபிடிப்பதில் ஒரு ஆயுளைச் செலவழித்தவள் கொன்ஸ்ரன்ஸ்.

நான்தான் கொடுத்தேன் என்றாள்.

அவன் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பெயரையும் விலாசத்தையும் கொப்பியில் எழுதினான். பாலேஸ்வரியின் பதிவைக் கேட்டான். திங்களோடு முடிந்த கடதாசியும், நிரப்பிக் கையெழுத்தில்லாமல் மடித்து வைத்த புதுக்கடதாசியும் கைப்பையிலிருந்து வந்தன. அவன் முகம் மாறுவதற்குள் கொன்ஸ்ரன்ஸ் அதை வாங்கி, வேலித்தூணில் வைத்து, வாசிக்காமல் கையெழுத்துப் போட்டாள். நேரில் அறிவேன் என்ற வரிக்குக் கீழே. அறிந்தாளா? சீனிப் போத்தலின் மட்டம் குறையாததும், ஒரு வேரைப் பிய்த்ததும் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்குப் பின்னேரத்துக்குள் இதைப் பொலிஸில் கொடுத்துப் பதிய வேண்டும் என்று அவன் கண்டிப்பாகச் சொன்னான்.

பிறகு வேரை மூக்கடியில் பிடித்து மணந்தான். தன் ஊரிலும் சுது வரா வேரை இப்படிக் கட்டுவார்கள் என்று, கொன்ஸ்ரன்சைப் பார்த்துச் சொன்னான். மறியற்காரர் கையில் எதையும் கொடுக்க விடமாட்டேன். தொட்டுவிட்டு எடுக்கட்டும், ஒரே தரம் என்றான். பாலேஸ்வரி கம்பிக்குள்ளால் கையை நீட்டினாள். தியாகராசா விலங்கு போட்ட கையைத் தூக்க, வேர் அவர் மணிக்கட்டில் பட்டது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டே நடந்தார், இடறினார், திரும்பவும் பார்த்தார்.

அதன் பிறகு பாலேஸ்வரிக்கு வாய் திறந்தது. கோட்ஸ் தாழ்வாரத்து வாங்கில் இருந்துகொண்டு நாலு நாள் பேச்சையும் ஒன்றாகப் பேசினாள். இதே வாங்கில் போன தவணைக்கு முந்தின தவணையில் சந்தித்த ஒரு மனுசி சொன்னதாம். வெள்ளெருக்கலையில் வடக்கே போகிற வேர் மறியலை விலக்கும். முதல்நாள் காப்புக் கட்டி, அடுத்தநாள் இரும்பு படாமல் சிரட்டையால் கிண்டிக் கையால் பிய்க்க வேண்டும். யாருக்காக எடுத்ததோ அந்த ஆள் மேனியில் படும்வரை, எடுத்தவள் அதைப்பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் பலிக்காது.

"அப்ப நான் அவனிட்டச் சொன்னது கெடுத்துப் போட்டுதோ?"

"எடுத்த ஆள்தான் அன்ரி சொல்லக்கூடாது. நீங்கள் எடுக்கேல்லையே."

"நல்ல சட்டம். என்னட்டக் கேட்டு எடுத்திருக்கலாம்."

"கேட்டு எடுத்தாலும் பலிக்காது எண்டவ."

அனுமதி கேட்டால் கெட்டுப்போகிற காரியம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது கொன்ஸ்ரன்சுக்குப் புதிது. ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் அதோடு சண்டை பிடிக்கவுமில்லை.

"ஒரு கொப்பு வாடிப்போச்சுது, தெரியுமோ? பதினொரு புழு அதில."

"ஐயோ அன்ரி."

"மாத்திவிட்டிட்டன்."

வழக்கைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் பின்வாங்கில் போய் இருந்தார்கள். பாலேஸ்வரி புருசனையே பார்த்தாள். கொன்ஸ்ரன்ஸ் மற்ற எல்லாரையும் பார்த்தாள். எல்லாம் இரண்டு நிமிடம். பாலேஸ்வரியின் லோயர் எழும்பி, தலை குனிந்து, ஏதோ சொன்னார், நீதவான் தலையாட்டினார், மூன்று மாதம் தள்ளி ஒரு திகதி விழுந்தது. தியாகராசாவைக் கீழே கொண்டுபோனார்கள். பாலேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, லோயர் என்ன செய்வார், பாவம், பொலிஸ்காரங்கள் தவணை கேட்டால் நீதவான் குடுக்கத்தானே வேணும் என்றாள்.

"தவணை கேட்டது அவங்களில்லை. உம்மட லோயர்."

"இல்லை அன்ரி, அவர் ஒவ்வொருமுறையும் அவங்கள்தான் கேக்கிறாங்கள் எண்டுதான் சொல்லுறவர்."

"எனக்குக் காது இருக்கு பிள்ளை, சிங்களமும் தெரியும். இன்னும் ஒண்டு. அவற்ற கையில உம்மட மனுசன்ர பைல் இருந்தது. சிவப்பு நாடா கட்டினபடி இருந்தது. எழும்பேக்கயும் கட்டு, இருக்கேக்கயும் கட்டு. முடிச்சில தூசி. அது எத்தனை தவணையா அவிழ்க்காத முடிச்சு எண்டு நான் கேக்கிறன்."

ஐந்து தவணையாகப் பாலேஸ்வரி அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

கொன்ஸ்ரன்ஸ் எழும்பிச் சேலையை உதறினாள். படிக்கட்டில் கறுப்புக் கோட்டோடு வேறு யாருடனோ சிரித்துக்கொண்டு இறங்கிய அந்த மனிதரை நோக்கிப் போனாள். பாலேஸ்வரி பின்னால் ஓடிப்போய், வேண்டாம் அன்ரி, கோவிப்பார், வழக்கை விட்டிடுவார் என்று முந்தானையைப் பிடித்தாள். கொன்ஸ்ரன்ஸ் கையை விலக்கிவிட்டு, கீழ்ப்படியில் அவருக்கு வழி விடாமல் நின்றாள். இது யார் என்பதுபோல் அவர் பாலேஸ்வரியைப் பார்த்தார். என்ர வீட்டு அன்ரி என்றாள் பாலேஸ்வரி.

"இவவுக்குப் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைச்ச ஆள் நான்" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "அந்த நாடாவை இப்ப ஒருக்கா அவிழுங்கோ, பார்ப்பம்."